படிவத்தில் நான் எழுதிய பொய்

2025 பொங்கல் முடிந்த கையோடு, சென்னைப் புறநகரில் உள்ள ஒரு விலங்குக் காப்பகத்திலிருந்து ஒரு பெண் நாயைத் தத்தெடுத்தோம். கோடை தொடங்குவதற்குள் அவளைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிட்டோம். ஏன் என்று கேட்டவர்களிடமெல்லாம் ஒரே பதிலைத்தான் சொன்னேன்: "காரணமே இல்லாமல் குழந்தையைக் கடித்துவிட்டது."

அது பொய். கடித்தது உண்மை. காரணமே இல்லை என்பதுதான் பொய். அவள் கடிக்கும் நிலைக்கு வந்தது எப்படி என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு படியாக அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவன் நான். நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

அவளுக்குத் தேனு என்று பெயர் வைத்தோம். செம்பழுப்பு நிறம், நான்கு பாதங்களிலும் வெள்ளை. ஒரு காதின் நுனியில் சிறு வெட்டு இருக்கும். கருத்தடை செய்து தடுப்பூசி போட்ட தெருநாய் என்பதற்கு அதுதான் அடையாளம். விதிப்படி அப்படிப்பட்ட நாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். 2001ஆம் ஆண்டின் நாய் இனக்கட்டுப்பாட்டு விதிகளும், அவற்றுக்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டு விதிகளும் அதையே சொல்கின்றன. ஆனால் தேனுவைத் திரும்ப விட முடியவில்லை. வண்டி மோதிப் பின்னங்கால் எலும்பு உடைந்து, கோணலாகக் கூடியிருந்தது. வண்டி வந்தால் ஓடித் தப்ப முடியாத நாயைத் தெருவில் விடுவது கொல்வதற்குச் சமம் என்று காப்பகத்தார் வைத்துக்கொண்டார்கள். ஆகவே அவளுக்கு இரண்டே இடங்கள்தான் இருந்தன: காப்பகத்துக் கூண்டு, அல்லது யாராவது ஒருவருடைய வீடு.

எங்கள் மகள் வெகுநாளாக நாய்க்குட்டி கேட்டுக்கொண்டிருந்தாள். விலை கொடுத்து லேப்ரடார் வாங்க வேண்டாம், ஆதரவில்லாத நாட்டு நாய் ஒன்றை எடுத்து வளர்ப்போம் என்று முடிவெடுத்தது நான்தான். அந்த முடிவில் உண்மையான இரக்கம் இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது. நொண்டி நாய்க்கு வாழ்வு கொடுத்தவன் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்ற ஆசை அது. அந்த நாயும் என்னைப் பார்த்து வாலாட்டி, காலடியில் படுத்து, நன்றியுள்ள பிராணி என்று நிரூபிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன். நான் செய்த எல்லாத் தவறுகளும் இந்த எதிர்பார்ப்பிலிருந்து பிறந்தவை.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே காப்பகத்தில் இருந்த பெண் எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். "சார், கொஞ்ச நாளைக்கு அவளைக் கண்டுக்காதீங்க. ஒரு மூலையைக் கொடுத்துடுங்க, அது அவ இடம். அங்க யாரும் போகக் கூடாது. கூப்பிடாதீங்க, தொடாதீங்க, உத்துப் பார்க்காதீங்க. சாப்பாடு வெச்சிட்டு நகர்ந்துடுங்க. குளிப்பாட்ட வேணாம். சொந்தக்காரங்க யாரையும் வரச் சொல்லாதீங்க. உறுமினா திட்டாதீங்க, தள்ளிப் போயிடுங்க. பயம் தெளிஞ்சதும் அவளா வருவா." அவள் படுத்துப் பழகிய பழைய போர்வை ஒன்றையும் மடித்துக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வீட்டுக்கு வருவதற்குள் எல்லாவற்றையும் மீறத் தொடங்கிவிட்டேன்.

காரிலிருந்தே குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்குச் செய்தி அனுப்பினேன். நாங்கள் போய் இறங்கும்போது வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். அம்மாவை ஆரத்தி கரைத்து வைக்கச் சொல்லியிருந்தேன். "நாய்க்கு எதுக்குடா ஆரத்தி? மிரளப் போவுது" என்றாள் அம்மா. "நல்லா இருக்கும்மா, எடு" என்றேன். வழியெல்லாம் வாந்தியெடுத்து, எச்சில் ஒழுக நடுங்கிக்கொண்டிருந்த நாயின் முகத்துக்கு எதிரே கற்பூரம் எரியும் தட்டைச் சுற்றினோம். அவள் வாலை வயிற்றோடு ஒடுக்கிக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்துவிட்டாள். சிறுநீர் போய்விட்டது. நான் அவளைத் தூக்கி மார்போடு அணைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். அந்தப் படத்தை இப்போது பார்த்தால் அவளுடைய கண் வெள்ளை பிறைபோல் தெரிகிறது. காதுகள் பின்னால் ஒட்டியிருக்கின்றன. என்னிடமிருந்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருக்கிறாள். பயத்தின் அத்தனை அடையாளங்களும் அந்த ஒரே படத்தில் இருக்கின்றன. நூற்றுக்கும் மேற்பட்டோர் அதற்கு விருப்பக்குறி போட்டார்கள். நானும் அன்று அதைப் பார்த்து மகிழ்ந்தேன்.

அன்று மாலையே குளிப்பாட்டினேன். காப்பகத்து வாடை வீட்டுக்குள் வரக் கூடாது என்று நினைத்தேன். போர்வையைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். நாய்க்கு உலகம் என்பது பெரும்பாலும் வாசனைதான். நம் மூக்கில் ஐம்பது அறுபது லட்சம் மோப்ப உணர்விகள் என்றால் நாயின் மூக்கில் இருபது கோடிக்கும் மேல். புது வீடு, புது மனிதர்கள், மின்விசிறிச் சத்தம், மிக்ஸிச் சத்தம் என்று எல்லாமே அந்நியமாக இருந்த இடத்தில் அவளுக்குத் தெரிந்ததாக எஞ்சியிருந்தவை இரண்டு: அவள் உடம்பின் வாடை, அந்தப் போர்வையின் வாடை. முதல் நாளே இரண்டையும் நான் பறித்துவிட்டேன்.

இரவு துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் இடையில் இருந்த சந்தில் போய் ஒடுங்கிக்கொண்டாள். அவளாகத் தேர்ந்தெடுத்த மூலை அது. அங்கேயே விட்டிருந்தால் போதும். ஆனால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என் தங்கை குடும்பத்தோடு வந்தாள், அலுவலக நண்பர்கள் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்து அவளைக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். பளபளப்பான டைல்ஸ் தரையில் அவள் கோணல் கால் வழுக்கியது. வந்தவர்கள் தலையைத் தடவினார்கள், குழந்தைகள் வாலைப் பிடித்தார்கள். அவள் கல்லைப்போல் நின்றாள். "எவ்வளவு சாது பாருங்க, எவ்வளவு பொறுமை" என்று நான் பெருமைப்பட்டேன்.

அந்த அசைவின்மையைப் பொறுமை என்று படித்ததுதான் என்னுடைய முதல் பெரிய குருட்டுத்தனம். 1967இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரு ஆய்வாளர்கள் நாய்களைக் கட்டி வைத்து, தப்பவே முடியாதபடி மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். கொடுமையான சோதனை. பிறகு அதே நாய்களை எளிதாகத் தாண்டித் தப்பக்கூடிய இடத்தில் விட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை தாண்ட முயலவே இல்லை. படுத்து முனகிக்கொண்டே அதிர்ச்சியைத் தாங்கின. என்ன செய்தாலும் எதுவும் மாறாது என்ற நிலையில் உயிர் அடங்கிப்போகிறது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016இல், அதே இருவரும் தங்கள் முடிவையே திருத்தி எழுதினார்கள். அடங்கிக் கிடப்பது கற்றுக்கொண்ட பழக்கம் என்று முன்பு நினைத்திருந்தார்கள். நீண்ட துன்பத்தில் அடங்கிக் கிடப்பதுதான் உயிரின் இயல்பு. தன் செயலால் எதையாவது மாற்ற முடியும் என்பதைத்தான் அது கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார்கள்.

இதைப் படித்தபோதுதான் காப்பகத்துப் பெண் சொன்னதன் பொருள் எனக்கு முழுதாக விளங்கியது. தள்ளிப் போகலாம், தள்ளிப் போனால் யாரும் பின்னால் வந்து இழுக்க மாட்டார்கள். வேண்டாம் என்று காட்டலாம். காட்டினால் அந்தக் கை விலகிவிடும். தெருவிலிருந்தும் கூண்டிலிருந்தும் வரும் நாய்க்குப் புது வீடு கற்றுக்கொடுக்க வேண்டிய முதல் பாடம் இதுதான். உட்கார், கைகொடு என்பதெல்லாம் அதற்கு வெகு பிறகு. நானோ அதற்கு நேர்மாறானதை நாள்தோறும் கற்றுக்கொடுத்தேன். எங்கே ஒளிந்தாலும் இழுத்து வருவேன். எவ்வளவு நடுங்கினாலும் தொடுவேன். நீ என்ன செய்தாலும் எதுவும் மாறாது.

சோறு வைத்தால் எதிரில் உட்கார்ந்து பார்ப்பேன். அவள் தின்னவில்லை. "கோழி போட்டுப் பிசைந்து வெச்சாலும் திமிரா பார்க்குது" என்று மனைவியிடம் சொன்னேன். அச்சத்தில் இருக்கும் உயிருக்குப் பசி எடுக்காது என்பது பரீட்சை நாளில் மகளைப் பார்த்திருக்கும் எனக்குத் தெரியாததில்லை. நடுராத்திரியில், எல்லோரும் தூங்கிய பிறகு, தட்டு காலியாகியிருக்கும். இரவில் கூடத்தில் சிறுநீர் கழித்தாள். ஒருநாள் பூஜை அறை வாசலில் கழித்துவிட்டாள். செய்தித்தாளைச் சுருட்டி அடித்தேன். எப்போதோ செய்ததற்கு இப்போது விழும் அடியை நாயால் இணைத்துப் பார்க்க முடியாது. இந்த மனிதன் அருகில் வந்தால் வலிக்கும் என்பது மட்டும்தான் அதற்குப் புரியும். அதன்பின் நான் கூடத்துக்குள் நுழைந்தாலே தலையைத் தாழ்த்திக்கொள்வாள். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் அவளைச் சரியாகப் பார்த்தவள் அம்மா ஒருத்திதான். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவள். அங்கே வீட்டுக்கு வீடு நாய் உண்டு. யாரும் அதைக் கட்டிப்பிடிக்க மாட்டார்கள். திண்ணையோரம் படுத்திருக்கும், வேளைக்குச் சோறு போடுவார்கள், தூங்கும்போது தாண்டிப் போவார்கள். அம்மா தேனுவின் தட்டில் மோர்ச்சோற்றை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். பகல் முழுக்க அவள் வத்தல் பிழிந்துகொண்டோ பேப்பர் படித்துக்கொண்டோ பால்கனியில் உட்கார்ந்திருப்பாள். சில நாள் கழித்துத் தேனு அந்தப் பால்கனி வாசல்வரை வந்து படுக்க ஆரம்பித்தாள். "உன்கிட்ட மட்டும் எப்படிம்மா வருது?" என்று கேட்டேன். "நான் அதுகிட்ட ஒண்ணும் கேக்கலியேடா" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. மாதாமாதம் மருந்துக்கும் தீனிக்கும் செலவழிப்பவன் நான், வாலாட்டல் அம்மாவுக்கா என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்த வாக்குமூலத்தின் மையம்.

ஒரு மாலை தேனு தின்றுகொண்டிருந்தாள். மகள் அருகில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். தேனு முதலில் தின்பதை நிறுத்தினாள். உடம்பு விறைத்தது. உதட்டை நக்கிக்கொண்டாள். கடைக்கண்ணால் பார்த்தாள். பிறகு மெல்ல, தொண்டைக்குள்ளிருந்து உறுமினாள். அவள் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு வாய்திறந்து சொன்ன முதல் சொல் அதுதான். தள்ளிப் போ என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

நான் பாய்ந்து போய் அவள் வாயில் அறைந்தேன். கழுத்தைப் பிடித்துத் தரையோடு அழுத்தினேன். "சோறு போடுற வீட்லயே உறுமுறியா?" என்று கத்தினேன். அவளுடைய உறுமல் நின்றது. மறுநாளும் அதற்கடுத்தும் மகளை வேண்டுமென்றே தட்டருகில் உட்காரச் சொல்லிச் சோதித்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. "பார்த்தியா, ஒரே அடியில் திருந்திட்டா" என்று மனைவியிடம் சொன்னேன். நண்பர்களுக்கு அறிவுரையாகவும் சொன்னேன்.

கெண்டல் ஷெப்பர்ட் என்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் நாயின் எச்சரிக்கைகளை ஒரு ஏணியாக வரைந்து காட்டியிருக்கிறார். கீழ்ப்படியில் கொட்டாவி, கண் சிமிட்டல், மூக்கை நக்குதல். அடுத்து முகத்தைத் திருப்புதல், உடலைத் திருப்புதல், விலகி நடத்தல். அதற்கும் மேலே காதை மடக்கிப் பதுங்குதல், வாலை ஒடுக்குதல், விறைத்து நின்று வெறித்தல். அதற்குப் பிறகுதான் உறுமல். உறுமலுக்கு மேலே இரண்டே படிகள்: காற்றில் கவ்வுவது, கடிப்பது. உறுமும் நாய் அதற்குள் பலமுறை பேசிவிட்டது. யாரும் கேட்காததால்தான் குரல் எழுப்புகிறது. உறுமியதற்காக அடித்தால் அதன் பயம் குறைவதில்லை. பயத்தைச் சொல்லும் வழிதான் அடைபடுகிறது. அடுப்பில் எதுவோ தீய்கிறது என்று பார்க்காமல் புகைபோக்கியை அடைப்பதைப் போன்ற வேலை அது. தேனுவின் ஏணியில் நடுப்படிகளையெல்லாம் நான் உடைத்துப் போட்டேன். எஞ்சியது கடைசிப் படி மட்டும்.

ஒரு விடுமுறை மதியம் தேனு சாப்பாட்டு மேசைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். மகள் தவழ்ந்து உள்ளே போய் அவள்மேல் கை போட்டுப் படுத்துக் கட்டிக்கொண்டாள். தெருவில் வளர்ந்த நாய் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். அதன்மேல் திடீரென்று எடை விழுந்தால் உயிருக்கு ஆபத்து என்றுதான் விழிக்கும். உறுமல் இல்லை. ஒரே கடி. முழங்கைக்குக் கீழே பல் இறங்கி ரத்தம் வந்தது. கடித்த உடனே விட்டுவிட்டு, தேனு ஓடிப்போய் அந்தப் பழைய சந்தில் ஒடுங்கினாள். குழந்தையைவிட அதிகமாக அவள் நடுங்கிக்கொண்டிருந்ததை அம்மா பார்த்திருக்கிறாள். நான் பார்க்கவில்லை.

அன்று உருப்படியாகச் செய்த ஒன்று சிகிச்சை. குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவினோம். அரசு மருத்துவமனைக்குப் போனோம். வளர்ப்பு நாய், தடுப்பூசி போட்ட நாய் என்று சொன்னோம். ரத்தம் வந்த கடியில் அதையெல்லாம் நம்பிக் காத்திருக்கக் கூடாது என்றார் மருத்துவர். காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் போட்டார்கள். தடுப்பூசிக்கு முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று அட்டை கொடுத்தார்கள். நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொன்னார்கள். ரேபீஸ் வந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. உரிய நேரத்தில் போட்டுக்கொள்ளும் ஊசி ஏறக்குறைய முழுமையாகக் காக்கும். இந்த விஷயத்தில் மட்டும் யாரும் அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது மகள் சொன்னாள்: "அப்பா, அது தூங்கிட்டிருந்துச்சு. நான்தான் மேல படுத்தேன். அதைத் திட்டாதப்பா."

"நீ வாயை மூடு" என்றேன்.

நாயின் வாயை அடைத்தேன். இப்போது அதற்காகப் பேசிய குழந்தையின் வாயையும் அடைத்தேன். மகளைக் காப்பாற்றும் கோபம் அது என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்குள் இருந்தது அச்சம். காரணம் இருந்தது என்று ஒப்புக்கொண்டால், அந்தக் காரணம் யார் என்ற கேள்வி அடுத்து வரும்.

காப்பகத்தில் திருப்பி ஒப்படைக்கும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். திருப்பித் தருவதற்கான காரணம் என்ற இடத்தில் எழுதினேன்: "எந்தத் தூண்டுதலும் இன்றிக் குழந்தையைக் கடித்தது. முரட்டு சுபாவம்." உறுமியதுண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று குறித்தேன். அடியோ திட்டோ இருந்ததா என்பதற்கும் இல்லை. அந்தப் பெண் படித்துப் பார்த்துவிட்டு, "இங்க இருந்தப்போ நல்லா உறுமுவாளே சார். அங்க உறுமவே இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்று மறுபடியும் சொன்னேன். தேனு திரும்பிப் பார்க்காமல் அவருடன் உள்ளே போனாள்.

அந்த இரண்டு வரி என்ன செய்யும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. எச்சரிக்காமல் கடிக்கும் நாய் என்று பதிவான பின் குழந்தைகள் உள்ள எந்த வீட்டுக்கும் அவளைத் தர முடியாது. முதியவர்கள் உள்ள வீட்டுக்கும் யோசிப்பார்கள். மற்ற நாய்களோடு சேர்த்து விடவும் தயங்குவார்கள். நொண்டிக் காலோடு தெருவுக்கும் போக முடியாத அவளுக்கு வீடு என்ற ஒரே வழிதான் இருந்தது. அதை என் பேனாவால் அடைத்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பொய் அதோடு நிற்கவில்லை. 2025 ஆகஸ்ட் 11 அன்று, தில்லி வட்டாரத் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது: கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடலாம், ரேபீஸ் உள்ளவற்றையும் அதன் சந்தேகம் உள்ளவற்றையும் மூர்க்கமாக நடந்துகொள்பவற்றையும் விடக் கூடாது. நாடெங்கும் அதுவே பேச்சு. எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலும் அது வந்தது. எங்கள் சந்தில் அப்போது மூன்று நாய்கள் இருந்தன. இரண்டாம் மாடியில் இருக்கும் ஒரு அம்மாள் அவற்றுக்குச் சோறு வைப்பார். மூன்றும் மூர்க்கமானவை என்று மாநகராட்சிக்குப் புகார் எழுதலாமா என்று விவாதம். அந்த அம்மாள், "இதுவரைக்கும் யாரையாவது கடிச்சிருக்கா, சொல்லுங்க" என்று கெஞ்சினார்.

எழுந்து பேசியவன் நான். "வீட்டுக்குள்ள வெச்சு மகாராணி மாதிரிப் பார்த்துக்கிட்டோம். காரணமே இல்லாம என் பொண்ணைக் கடிச்சுது. இந்த ஜாதி நாயை நம்ப முடியாது. அனுபவப்பட்டவன் சொல்றேன்." கூட்டம் அமைதியாகக் கேட்டது. அதற்கு மேல் விவாதம் நடக்கவில்லை. புகார் எழுதத் தீர்மானமானது. அந்த அம்மாள் சோறு வைப்பதையும் நிறுத்தச் சொன்னார்கள். என் வீட்டில் நான் செய்த தவறை மறைக்கச் சொன்ன பொய், எனக்குத் தெரியாத மூன்று உயிர்களுக்கு எதிரான சாட்சியமாயிற்று.

மகள் கூட்டத்தின் பின்வரிசையில் இருந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டினாள். "இது எனக்குத்தான வலிச்சுது? நானே அது மேல கோவப்படல. நீ எதுக்குப்பா பொய் சொல்ற?" அடக்க வேண்டும் என்று வாய்வரை வந்தது. அம்மா உள்ளேயிருந்து, "அவளைப் பேச விடுடா" என்றாள். மகள் பேசினாள். சோற்றுத் தட்டருகில் நான் அவளை உட்காரவைத்துச் சோதித்தது, அப்போதெல்லாம் தேனு கண்ணை மூடிக்கொண்டு நடுங்கியது, எனக்குத் தெரியாமல் தான் எழுந்து போய்விட்டு வந்தது எல்லாவற்றையும் சொன்னாள். அந்தக் குழந்தைக்கு அந்த நாயின் பேச்சு புரிந்திருக்கிறது. சொல்லும் தைரியத்தை நான் விட்டுவைக்கவில்லை.

அந்த வார இறுதியில் காப்பகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அதே பெண்தான் இருந்தார். திட்டவில்லை. ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "நீங்க சொன்னதை அப்படியே எழுதிக் கொடுங்க" என்றார். அடித்தது, அழுத்தியது, தூக்கத்தில் குழந்தை மேலே படுத்தது, உறுமலை நான் நிறுத்தியது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். "உறுமுற நாய் நல்ல நாய் சார். சொல்லிட்டுத்தான செய்யுது? சொல்றதை நிறுத்தவெச்ச பிறகு மறுபடியும் சொல்லவைக்கிறதுதான் எங்களுக்குக் கஷ்டம்" என்றார். தேனுவுக்கு உறுமத் திரும்பக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தட்டை வைத்துவிட்டு எட்ட நிற்பது, அவள் விறைத்தால் உடனே விலகுவது, விலகியபின் கொஞ்சம் நல்ல தீனியைத் தூரத்திலிருந்தே போட்டுவிட்டுப் போவது என்று மாதக்கணக்கில் நடக்கும் வேலை. நான் ஒரு நிமிடத்தில் அடித்துக் கெடுத்ததைச் சரிசெய்ய அத்தனை காலம்.

அவளை மறுபடியும் எங்களுக்குத் தருவீர்களா என்று கேட்டேன். மாட்டோம் என்றார். அது நியாயமான பதில். நான் திருந்திவிட்டேன் என்பதை எனக்கே நிரூபித்துப் பார்க்க அவளைக் கேட்பது, மறுபடியும் அவளிடம் எதையோ கேட்பதுதான். இதை எழுதும் நாள்வரை அவள் காப்பகத்தில்தான் இருக்கிறாள். அவள் அட்டையில் இருந்த அந்த இரண்டு வரியை நீக்கி, உண்மையை எழுதியிருக்கிறார்கள். ஆனால் இடையில் போன மாதங்களை யாராலும் திருப்பித் தர முடியாது. வயது கூடிய நாயைக் கேட்டு வருபவர்கள் குறைவு.

அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து, நான் சொன்னது பொய் என்று சொன்னேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிலர், போனதை விடுங்கள் என்றார்கள். அனுப்பிய புகார் திரும்ப வரவில்லை. சந்து நாய்களில் ஒன்று அதற்குள் காணாமல் போயிருந்தது. புகாரின் பேரில் பிடித்துக்கொண்டு போனார்களா, வேறெங்காவது போய்விட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டாம் மாடி அம்மாள் என்னிடம் இன்னும் பேசுவதில்லை. அவர் பேச வேண்டும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமையில்லை.

தத்தெடுத்த நாய் எல்லா வீட்டிலும் பொருந்திவிடாது. உண்மையாக முயன்றும் முடியாமல் போகலாம். வேலை மாறலாம், வீட்டில் நோய் வரலாம், நாயின் பயம் அந்த வீட்டால் தாங்க முடியாததாக இருக்கலாம். பட்டினி கிடக்கும்படி ஒரு விலங்கைக் கைவிட்டுப் போவதை 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டம் குற்றம் என்கிறது. முறைப்படி காப்பகத்திடம் திருப்பி ஒப்படைப்பதைக் குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒப்படைக்கும்போது உண்மையைச் சொல்லிவிடுங்கள். அடித்திருந்தால் அடித்தேன் என்று எழுதுங்கள். தூக்கத்தில் தொட்டதால் கடித்தது என்றால் அப்படியே எழுதுங்கள். எதற்குப் பயந்தது, எப்போது தின்றது, வீட்டில் யாரருகில் போய்ப் படுத்தது என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். அடுத்து அதை வளர்க்கப் போகிறவர்களுக்கு நாயால் எதையும் சொல்ல முடியாது. நம் வீட்டில் அதற்கு நடந்ததைச் சொல்ல நம்மைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அந்தச் சாட்சியும் பொய் சொன்னால், நாம் செய்த தவறுக்கான தண்டனையை அந்த நாய் ஆயுள் முழுக்க அனுபவிக்கும்.